மேலடுக்கில் தொலைந்த ஃபைல்

முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்



"கம்ப்யூட்டரைப் பத்திப் பேசு, ஆனா மெக்கானிக்கல்காரங்களுக்கும் சிவில்காரங்களுக்கும் புரியற மாதிரி பேசு" என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் ஒரு பழைய டெஸ்க்டாப்பைப் பற்றிப் பேசப் போகிறேன். மெமரி 1 ஜிபி. ஹார்டு டிஸ்க் செத்துப்போனது. இடம் உத்தனப்பள்ளி. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகிற ரோட்டில் தக்காளி லாரிகளுக்குப் பின்னால் போனால் வரும். அங்கே ஒரு டூல் ரூம். பெரிய கம்பெனிகளுக்கு டையும் மோல்டும் செய்து கொடுக்கிற சின்னப் பட்டறை. முதலாளியை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார், வேண்டாம்.

அங்கே செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு விஎம்சி மெஷின் இருந்தது. கன்ட்ரோலில் மெமரி ரொம்பக் குறைவு. மோல்டின் வளைவுகளை ஃபினிஷிங் ஓட்டுகிற ப்ரோகிராம் பல எம்பி வரும், உள்ளே நுழையாது. அதனால் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, சீரியல் கேபிள் வழியாக வரி வரியாக ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். குழந்தைக்கு ஸ்பூனில் சாதம் ஊட்டுவது போல. ஊட்டுவது நின்றால் மெஷின் அடுத்த வரிக்காகக் காத்து நிற்கும். ஸ்பிண்டில் சுற்றிக்கொண்டிருக்கும், கட்டர் ஒரே இடத்தில் ஸ்டீலில் உரசிக்கொண்டிருக்கும், அந்த இடத்தில் தழும்பு விழும். 20 மணி நேரம் ஓடிய ஜாப், 19ஆம் மணியில் தழும்பு விழுந்தால் என்ன ஆகும் என்று இங்கே இருக்கிற டூல் ரூம்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. அதே வருடம் அந்த டெஸ்க்டாப்பின் ஹார்டு டிஸ்க்கும் போனது. அண்ணா என்னைக் கூப்பிட்டார். நான் படித்து முடித்து மூன்று வருடம், ஊரில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்கிற வயது. "புது கம்ப்யூட்டர் வேண்டாம்ணா, பென் டிரைவ் போதும்" என்றேன்.

நான் போட்டுக் கொடுத்தது பப்பி லினக்ஸ். ஆஸ்திரேலியாவில் பேரி காலர் என்பவர் 2003இல் ஆரம்பித்தது. பழைய, இளைத்த கம்ப்யூட்டர்களுக்கென்றே செய்த சிஸ்டம். பென் டிரைவிலிருந்து கிளம்பி, மொத்தமாக மெமரியில் ஏறிக்கொண்டு ஓடும். இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது.

நம் டிராயிங் ஹாலை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே மை போட்ட ஒரிஜினல் டிராயிங். அதில் கை வைத்தால் திட்டு விழும். அதன் மேல் ஒரு டிரேசிங் பேப்பர். மேலிருந்து பார்த்தால் இரண்டும் சேர்ந்து ஒரே படமாகத் தெரியும். புதுக் கோடு போடணுமா, மேல் தாளில் போடு. கீழே உள்ள கோட்டைத் திருத்தணுமா, அந்தப் பகுதியை மேல் தாளில் நகல் எடுத்து, நகலில் திருத்து. கீழே உள்ள கோடு வேண்டாமா, அந்த இடத்தில் மேல் தாளில் வெள்ளை மை தடவு. கோடு கீழே பத்திரமாக இருக்கும், கண்ணுக்கு மட்டும் தெரியாது. இந்த வெள்ளை மைக்குக் கம்ப்யூட்டர்காரர்களும் ஒயிட்அவுட் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அடுக்கு ஃபைல் சிஸ்டம் என்பது இவ்வளவுதான். கீழடுக்கு, சிஸ்டம் முழுவதையும் சுருக்கிக் கட்டிய ஒரே மூட்டை. ஸ்க்வாஷ்எஃப்எஸ் என்பார்கள். படிக்கலாம், எழுத முடியாது. மேலடுக்கில்தான் எல்லா எழுத்தும். இதில் கவனிக்க ஒரு விஷயம் உண்டு. கீழே 100 எம்பி ஃபைல் இருந்து அதில் ஓர் எழுத்தை மாற்றினால், 100 எம்பியும் மேலே நகலாகும். ஓர் எழுத்துக்கு ஒரு மூட்டை.

இது ஏதோ பழைய கம்ப்யூட்டர்காரர்களின் வேலை என்று நினைக்காதீர்கள். ஓபன்டபிள்யூஆர்டி போட்ட ரவுட்டர் வீட்டில் இருந்தால் அதற்குள் இதே அடுக்குகள்தான். இன்று ஐடி கம்பெனிகளில் டாக்கர் இல்லாமல் வேலை இல்லை, அதற்குள்ளும் இதுவே. சென்னை சி-டாக்கில் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸை அரசு கொடுத்த இலவச லேப்டாப்புகளில் பார்த்திருப்பீர்கள். அதை டிஸ்க்கிலிருந்தே ஓட்டிப் பார்க்கும் லைவ் முறையும் இந்த வழிதான். அடுக்குகளைச் சேர்க்கிற சரக்கு மட்டும் காலத்துக்குக் காலம் மாறியது. அமெரிக்காவில் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் எரெஸ் ஜாடோக் குழுவினர் செய்த யூனியன்எஃப்எஸ், ஜப்பானியரான ஒகாஜிமா 2006இல் தொடங்கிய ஏயூஎஃப்எஸ், கடைசியாக மிக்லோஷ் செரெடி எழுதி 2014 டிசம்பரில் லினக்ஸ் 3.18இல் சேர்ந்த ஓவர்லேஎஃப்எஸ். முதல் இரண்டும் லினக்ஸ் கெர்னலுக்குள் கடைசிவரை அதிகாரபூர்வமாக இடம் பெறவில்லை. தகுதி இருந்தும் பர்மனென்ட் ஆகாத ஆட்களை நாம் பார்த்ததில்லையா, அது மாதிரி.

சரி, பட்டறைக்கு வருவோம்.

பென் டிரைவில் பப்பி ஓடும்போது மேலடுக்கு மெமரியிலேயே இருக்கும். அதில் சேர்ந்ததை வழக்கமாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை பென் டிரைவில் உள்ள சேமிப்பு ஃபைலுக்கு இறக்கி வைக்கும். அடிக்கடி எழுதினால் பென் டிரைவ் ஆயுள் குறையுமே என்று, புத்திசாலித்தனமாக, அந்த 30ஐ நான் 0 ஆக்கினேன். 0 என்றால் ஷட்டவுன் செய்யும்போது மட்டும் இறக்கு என்று அர்த்தம். இதை யாரிடமும் சொல்லவில்லை. எழுதியும் வைக்கவில்லை.

மெஷினுக்கு வரிகளை ஊட்டுகிற ப்ரோகிராமையும் நானே எழுதினேன். அனுப்பிய ஒவ்வொரு வரியையும் நேரத்தோடு லாக் ஃபைலில் எழுதும். ஏதாவது தகராறு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று.

பல மாதங்கள் தங்கமாக ஓடியது. ஒரே ஷிஃப்ட். சாயங்காலம் மெஷினை நிறுத்தி, கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்து, ஷட்டரை இறக்குவார்கள். பிறகு ஆர்டர் கூடியது. அண்ணா பெரிய யூபிஎஸ் வாங்கினார், ராத்திரி ஷிஃப்ட் ஆரம்பித்தார். பக்கத்து கிராமத்துப் பையன் ஒருவன், ஐடிஐ முடித்தவன், ராத்திரிக்கு ஆபரேட்டர். வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ், லாரிக்காரர்களிடம் கன்னடம் என்று மூன்றும் சரளமாகப் பேசுவான். நீளமான ஃபினிஷிங் ஜாப்புகள் எல்லாம் ராத்திரியில்தான் ஓடும்.

அப்போது ஆரம்பித்தது. ராத்திரி 2 மணி, 3 மணி வாக்கில் ஸ்கிரீன் உறைந்துவிடும். மௌஸ் நகரும், கிளிக் செய்தால் ஒன்றும் நடக்காது. ஊட்டல் நின்றுவிடும். ஜாப்பில் தழும்பு. பையன் பயந்துபோய் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து மறுபடி போடுவான், கம்ப்யூட்டர் ஒன்றும் நடக்காதது போல எழுந்துவிடும். காலையில் அண்ணா வந்து பார்த்தால் இன்னொரு விசித்திரம். முந்தின நாள் காப்பி செய்த ப்ரோகிராம் ஃபைல்களே இல்லை.

"நான் காப்பி பண்ணேண்ணா, சத்தியமா பண்ணேன்" என்பான் பையன். "அப்ப எங்கடா போச்சு?" என்பார் அண்ணா. அதற்கு அவனிடம் பதில் இல்லை.

நான் போய்ப் பார்த்தேன். பகலில் எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் ஒன்றும் ஆகவில்லை. கேபிளை மாற்றினேன். மெமரி கார்டைக் கழற்றி ரப்பரால் தேய்த்துப் போட்டேன். பென் டிரைவை மாற்றினேன். பக்கத்து ஷெட்டில் வெல்டிங் மெஷின் ஓடுகிறது, எர்த் சரியில்லை என்று சொல்லி, உப்பும் கரியும் போட்டுப் புதுசாக எர்த் குழி தோண்ட வைத்தேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது. குழியின் மகிமை என்று எல்லோரும் நம்பினோம். நான்காம் நாள் ராத்திரி மறுபடியும் போனது.

அப்போது நான் சொன்ன வார்த்தையை இந்த மேடையில் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. "சிஸ்டத்துல கோளாறு இல்லண்ணா. பையன் ராத்திரில படம் பாக்கறான்னு நினைக்கிறேன். ஓடும்போதே பென் டிரைவைப் பிடுங்கியிருப்பான்." இன்ஜினியர் சொன்னால் நம்பத்தானே செய்வார்கள். அந்த மாதச் சம்பளத்தில் கட்டர் காசைப் பிடித்தார் அண்ணா. பையன் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டான். அடுத்த மாதம் வேலைக்கு வரவில்லை. பார்டர் தாண்டி அத்திப்பள்ளியில் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டோம்.

புது ஆபரேட்டர் வந்தார், வயதானவர், அனுபவஸ்தர். மூன்றாவது ராத்திரியே ஸ்கிரீன் உறைந்தது.

அதற்கப்புறம்தான் நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பட்டறையிலேயே படுத்தேன். யாரும் பவர் பட்டனைத் தொடக்கூடாது என்று சொல்லிவைத்தேன். முதல் ராத்திரி ஒன்றுமில்லை. இரண்டாம் ராத்திரி ஒன்றுமில்லை. நாலாம் ராத்திரி ஒன்றரை மணிக்கு ஆபரேட்டர் எழுப்பினார். ஸ்கிரீன் உறைந்திருந்தது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். கறுப்புத் திரை வந்தது. அதாவது கெர்னல் உயிரோடு இருக்கிறது, மேலே உள்ள படம்தான் செத்தது. டிஎஃப் என்று அடித்தேன். மேலடுக்கில் 100 சதவீதம் என்று காட்டியது. மிச்சம் பூஜ்யம்.

எது அடைத்துக்கொண்டது என்று பார்த்தால், என் லாக் ஃபைல்.

ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். சீரியல் வேகம் 9600 பிட். ஓர் எழுத்துக்கு 10 பிட் என்றால் விநாடிக்கு 960 எழுத்து, மணிக்கு கிட்டத்தட்ட மூன்றரை எம்பி. ஒவ்வொரு வரிக்கும் நான் நேரத்தைச் சேர்த்து எழுதியதால் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு, 7 எம்பி. ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடினால் 100 எம்பிக்கு மேல். மேலடுக்குக்கு மெமரியில் கிடைத்த இடமோ 400 எம்பிக்குக் கொஞ்சம் மேலே. மூன்றாம் நாள் அல்லது நான்காம் நாள் நிரம்பும். நிரம்பினால் "இடமில்லை" என்று கெர்னல் சொல்லும். அப்படிச் சொன்னால் என்ன செய்வது என்று என் ப்ரோகிராமில் நான் எழுதவே இல்லை, அது அங்கேயே விழுந்தது. டெஸ்க்டாப்பும் தன் சின்னச் சின்ன ஃபைல்களை எழுத இடமில்லாமல் முழித்தது.

ஒரே ஷிஃப்ட் ஓடிய காலத்தில் தினமும் ஷட்டவுன் செய்ததால் மேலடுக்கு தினமும் காலியானது. அதனால் தெரியவில்லை. யூபிஎஸ் வந்தது, ஷட்டவுன் நின்றது, குப்பை சேர்ந்தது. எர்த் குழி தோண்ட ஒருமுறை மெயினை நிறுத்தினோம் பாருங்கள், அதனால்தான் அதற்கப்புறம் இரண்டு நாள் நன்றாக ஓடியது.

காணாமல் போன ஃபைல்களுக்கும் அதே விடைதான். பையன் காப்பி செய்தது நிஜம். அது மெமரியில் இருந்த மேலடுக்கில் உட்கார்ந்தது. பவர் பட்டனை அழுத்திய விநாடியில் மேலடுக்கு முழுவதும் ஆவியாகிவிட்டது. ஃபைலும் போனது, என் லாக்கும் போனது, கெர்னல் எழுதிவைத்த புகாரும் போனது. ஒவ்வொரு தடவையும் தடயம் இருந்த இடம் தடயத்தோடு சேர்ந்து அழிந்தது. பகலில் போய் நான் பார்த்ததெல்லாம் பிறந்து சில மணி நேரமே ஆன சிஸ்டத்தை.

சரிசெய்ய அரை மணி நேரம்தான் ஆனது. 0ஐ மறுபடி 30 ஆக்கினேன். லாக்கில் கடைசி 1000 வரி மட்டும் இருந்தால் போதும் என்று மாற்றினேன். மெஷின் ப்ரோகிராம்களை அடுக்குகளுக்குள் வைக்காமல், தனியாக இன்னொரு பென் டிரைவில் நேராக வைத்தேன். ஷிஃப்ட் மாறும்போது தினமும் ஒருமுறை ஷட்டவுன். இதில் நாலாவதை மட்டும்தான் அண்ணா முழுசாக நம்பினார், ஒரு அட்டையில் எழுதி மானிட்டர் மேல் ஒட்டினார்.

பையனிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டேன்.

ஆறு மாதம் கழித்து அடுத்த கோளாறு. இது இன்னும் அசிங்கம். பப்பியில் புதுப் பதிப்பு வந்ததே என்று கீழடுக்கு மூட்டையை மட்டும் மாற்றிவிட்டு வந்தேன். சேமிப்பு ஃபைல், அதாவது பழைய மேல் தாள், அப்படியே இருந்தது. மறுநாள் ஊட்டுகிற ப்ரோகிராம் திறக்கவே இல்லை. செக்மென்டேஷன் ஃபால்ட் என்று ஒரே வரியில் செத்தது.

இந்தத் தடவை யாரையும் குறை சொல்லாமல், முதலில் கேட்க வேண்டிய கேள்வியை முதலில் கேட்டேன். கோளாறு மேலேயா, கீழேயா? பப்பி கிளம்பும்போது பிஃபிக்ஸ்=ராம் என்று கொடுத்தால் சேமிப்பு ஃபைலைத் தொடாமல் வெறும் கீழடுக்கோடு எழும். அப்படி எழுப்பி ஓட்டினால் அருமையாக ஓடியது. ஆக, குற்றவாளி மேலே. எப்போதோ நான் ஏற்றிய ஒரு பேக்கேஜ், தன்னோடு ஒரு லைப்ரரியின் பழைய பதிப்பையும் மேலடுக்கில் போட்டிருந்தது. கீழே புதுசு வந்துவிட்டது, மேலே பழசு அதை மூடிக்கொண்டு நின்றது. கீழே டிராயிங்கை மாற்றிவிட்டு, மேலே பழைய டிரேசிங்கையே வைத்தால் கோடுகள் எப்படிப் பொருந்தும்?

சரி, பழைய லைப்ரரியை அழித்துவிடலாம் என்று, வழக்கம்போல சிஸ்டம் ஓடும்போதே அழித்தேன். இப்போது "லைப்ரரியே இல்லை" என்றது! வெள்ளை மை நினைவிருக்கிறதா? சேர்ந்து தெரிகிற படத்தில் ஒரு ஃபைலை அழித்தால், கம்ப்யூட்டர் அந்த இடத்தில் ஒயிட்அவுட் வைத்துவிடும். மேலே உள்ள பழசும் போனது, கீழே உள்ள புதுசும் மறைந்தது. செய்ய வேண்டியது என்ன என்றால், மறுபடி மேலடுக்கு இல்லாமல் எழுப்பி, சேமிப்பு ஃபைலைத் தனியாகத் திறந்து, அதற்குள் அந்த வெள்ளை மையைச் சுரண்ட வேண்டும். ஏயூஎஃப்எஸ்ஸில் அது புள்ளி, டபிள்யூ, ஹெச், புள்ளி என்று ஆரம்பிக்கிற ஒரு காலி ஃபைல், கண்டுபிடிப்பது எளிது. ஓவர்லேஎஃப்எஸ்ஸில் 0, 0 என்று எண் போட்ட ஒரு டிவைஸாக உட்கார்ந்திருக்கும். ஒன்றின் வெள்ளை மை இன்னொன்றுக்குப் புரியாது. அதனால் அதை விட்டு இதற்கு மாறுகிறவர்கள் பழைய சேமிப்பை அப்படியே கொண்டுபோகக் கூடாது. அழித்த ஃபைல்கள் எல்லாம் பேய் மாதிரி எழுந்து வரும். ஓடிக்கொண்டிருக்கும்போது அடுக்குகளைப் பின்பக்கமாகப் போய்த் தொடவும் கூடாது. அப்படித் தொட்டால் என்ன தெரியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று கெர்னல் ஆவணமே சொல்கிறது.

ஜூனியர்கள் யாராவது ரவுட்டரோ, பில்லிங் மெஷினோ, ஃபேக்டரி கன்ட்ரோலரோ செய்யப் போகிறீர்கள் என்றால், நான் மறுபடியும் சொல்வது அந்த முதல் கேள்வியைத்தான். மேலடுக்கைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். கழற்றுவதற்கு முன்னால், மெஷினை அணைப்பதற்கு முன்னால், டிஎஃப் பாருங்கள், டிமெஸ்ஜி பாருங்கள், இரண்டையும் வெளியே ஒரு பென் டிரைவில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் சுரண்டி முடித்து ப்ரோகிராம் ஓடியதும், அதுவரை பேசாமல் டீ குடித்துக்கொண்டிருந்த அண்ணா கேட்டார்: "ஏன் தம்பி, இதையும் அந்தப் பையன்தான் பண்ணானா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் தலை நிமிரவில்லை. உள்ளே போய் ஒரு கவரில் பணம் போட்டு எடுத்து வந்தார். "பிடிச்ச காசு. நான் போனா வாங்க மாட்டான். நீயே குடுத்துடு."

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்திப்பள்ளிக்குப் போனேன். நாலு பேர் சேர்ந்து எடுத்திருந்த ரூம். பையன் லுங்கியோடு வெளியே வந்தான், "வாங்க சார்" என்றான். டீக்கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டிரேசிங் பேப்பர், வெள்ளை மை, லாக் ஃபைல், நான் 30ஐ 0 ஆக்கியது, அண்ணாவிடம் நான் சொன்ன வார்த்தை, எதையும் விடவில்லை. கவரை எண்ணிப் பார்க்காமல் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு,

"அப்போ நான் காப்பி பண்ணது காப்பி ஆச்சு தானே சார்?" என்றான்.

"ஆச்சுப்பா. மெமரில இருந்துச்சு."

"அதை அண்ணாகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லிட்டேன்."

"எங்க வீட்லயும் ஒரு தடவை சொல்லிடுங்க சார். சம்பளம் பிடிச்சப்ப எங்கப்பா என்னைத்தான் திட்டினாரு."

அன்று சாயங்காலமே அவனோடு பஸ் ஏறி அவன் கிராமத்துக்குப் போனேன். அவன் அப்பாவிடம் ஸ்க்வாஷ்எஃப்எஸ் எல்லாம் சொல்லவில்லை. தப்பு என்னுடையது, உங்கள் பையன் சொன்னது நிஜம் என்று தமிழில் சொன்னேன். பையன் பக்கத்தில் நின்று அதைத் தெலுங்கில் சொன்னான்.

செயலாளர் மணியைத் தொட்டுவிட்டார்.